அமைதியாக இருக்கிறாள் என்பதற்காக ஆட்டிசம் உள்ள மகளுக்கு உதவி மறுக்கலாமா?

கேள்வி: என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் 6-ஆம் வகுப்பு. ஆட்டிசம் என்று போன வருடம்தான் தெரிந்தது. வகுப்பில் சத்தமே இல்லை, நல்ல மார்க். வீட்டுக்கு வந்ததும் அழுது தீர்க்கிறாள். பள்ளியில் கேட்டால், "அவளுக்கு ஒன்றுமில்லை, முடியாவிட்டால் சிறப்புப் பள்ளியில் சேருங்கள், டிசி தருகிறோம்" என்கிறார்கள். – ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, டிசி கேட்டு எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளிகள் நேரடியாக நீக்குவது அபூர்வம். பெற்றோரே விரும்பி விலகியதாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அந்தத் தாள்தான் நமக்கு எதிராக நிற்கும். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம், 2009. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாவற்றையும் கணக்கில் கொள்கிறது. அதன் பட்டியலில் ஆட்டிசம் உண்டு. குழந்தையின் தேவைக்கேற்ற வசதிகளைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு.

மார்க் நன்றாக இருந்தால் வசதி வேண்டாம் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. ஆட்டிசம் உள்ள பெண் குழந்தைகள் பலர் தோழிகளைப் பார்த்து அப்படியே நடந்து, நாள் முழுக்கத் தங்கள் சிரமத்தை மறைக்கிறார்கள். அடக்கிவைத்தது வீட்டில் வெடிக்கிறது. ஆசிரியர் கண்ணில் படாததால் பிரச்சினை இல்லை என்றாகிவிடாது. இதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது, அது நியாயமில்லைதான். ஆனாலும் வீட்டில் நடப்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். பள்ளிச் சூழலோடு அதற்குள்ள தொடர்பை உளவியல் நிபுணரிடம் எழுத்தில் வாங்குங்கள். அரசு மருத்துவமனைச் சான்றிதழில் குறைபாட்டின் அளவை 40 சதவீதத்துக்குக் கீழே போட்டாலும் கவலைப்படாதீர்கள். இலவசக் கல்வி போன்ற சிலவற்றுக்குத்தான் அந்த வரம்பு, 16-ஆம் பிரிவுக்கு இல்லை.

பிறகு தலைமையாசிரியருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். "உதவி செய்யுங்கள்" என்று மொத்தமாக எழுதினால் "செய்கிறோமே" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஓர் அறை, கால அட்டவணை மாறினால் முந்தைய நாளே தகவல், வீட்டுப்பாடம் எழுத்தில், தயங்காமல் போய்ப் பேச ஓர் ஆசிரியை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவில்லை, எனவே மறுக்கக் காரணம் சொல்வதும் பள்ளிக்குக் கடினம்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரம் இருக்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை நீதிமன்றம் அபராதம் விதிக்கலாம்.

கடிதம் எழுதும் முன் மகளிடம் கேளுங்கள்: பள்ளியில் எந்த நேரம் அவளுக்கு மிகவும் கஷ்டம்? அவள் சொல்வதைக் கோரிக்கையில் முதலாவதாகச் சேருங்கள்.