வாசகர் கேள்வி பதில்: மன்னருக்குச் செய்த சத்தியம்

கேள்வி: ஐயா, லண்டனில் பிறந்து வளர்ந்த என் பெறாமகன் அங்கே இராணுவத்தில் சேர்ந்துவிட்டான். சாள்ஸ் மன்னரின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தானாம். அக்காவுக்குப் பெருமை, எனக்கு நெஞ்சு பதறுகிறது. சைவப் பிள்ளை பைபிளில் கை வைத்தானா? மன்னர் எதைச் சொன்னாலும் செய்யத்தான் வேண்டுமா? என் தம்பியை 2008இல் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.
– வாசகி, முள்ளியவளை

பதில்: தங்கச்சி, பைபிளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே விரும்பினால் கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். இல்லையென்றால் கடவுளைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம். இங்கே சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்கும்போது கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்ய, நாங்கள் உறுதி கூறுகிறோமே, அதுபோலத்தான்.

மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன், அவருடைய கட்டளைக்கும் மேலதிகாரிகளின் கட்டளைக்கும் கீழ்ப்படிவேன் என்பதுதான் அவன் சொன்னதன் சாரம். வாரிசுகளும் அதில் அடக்கம் என்பதால் 2022இல் எலிசபெத் மகாராணி காலமானபோது படையினர் புதிதாகச் சத்தியம் செய்ய வேண்டி வரவில்லை. பெயர்தான் மன்னருடையது, படையை எங்கே அனுப்புவது என்று முடிவெடுப்பது நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டிய அரசாங்கம்.

ஆனாலும் உங்கள் பயம் வீண்பயம் இல்லை. ஜெர்மனியில் 1934 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் இறந்தார். அன்றே படையினரை ஹிட்லரின் பெயரைச் சொல்லி, நிபந்தனையில்லாமல் அவருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வைத்தார்கள். 1944இல் அவரைக் கொல்லச் சில அதிகாரிகள் துணிந்தபோது, அவரை வெறுத்த வேறு பலர் “சத்தியம் செய்துவிட்டோமே” என்று ஒதுங்கி நின்றார்கள். இன்றைய ஜெர்மன் சிப்பாய் எந்தத் தலைவரின் பெயரையும் சொல்வதில்லை. நாட்டுக்கு உண்மையாகச் சேவை செய்து மக்களின் உரிமையையும் சுதந்திரத்தையும் காப்பேன் என்கிறான். குற்றமான கட்டளைக்குக் கீழ்ப்படியக்கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அமெரிக்க இராணுவ அதிகாரி அரசியலமைப்புக்குத்தான் சத்தியம் செய்கிறார். உங்கள் பெறாமகனையும் சட்டத்துக்கு உட்பட்ட கட்டளை மட்டும்தான் கட்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நாசித் தலைவர்களை விசாரித்த நியூரம்பேர்க் விசாரணைக்குப் பிறகு, “மேலிடம் சொன்னது, செய்தேன்” என்பது மட்டும் போர்க்குற்றத்திலிருந்து ஒரு சிப்பாய் தப்பப் போதாது.

தம்பியைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தக் காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஓ.எல். மாதிரிப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டு போவேன்; வாங்கப் பிள்ளை இருக்காது. கொப்பி மட்டும் மேசைக்குள் கிடக்கும். பயந்துபோன பிள்ளையின் வாயால் சொல்லவைத்த வார்த்தை சத்தியம் ஆகாது, தங்கச்சி. அதை யார் சொல்லவைத்தாலும் சரி, எந்தக் கொடியின் கீழ் என்றாலும் சரி. உங்கள் தம்பி எவருக்கும் எந்த வாக்கும் கடன்பட்டவன் இல்லை.

பெறாமகன் தன் விருப்பத்தில் போனவன். அந்த வித்தியாசம் பெரியது. பிடிக்காவிட்டால் ஆரம்ப மாதங்களில் விலகிக்கொள்ளச் சட்டத்தில் வழியும் உண்டு. அடுத்த முறை வட்ஸ்அப்பில் கதைக்கும்போது, சொன்ன வாசகத்தை வரி வரியாக உங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். சட்டத்துக்கு மாறான கட்டளை வந்தால் என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். போர்ச் சட்டம் பயிற்சியிலேயே படிப்பிக்கிறார்கள். அவனுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.