பதில்: தொண்டிப் பக்கத்து ஓடையில் மோட்டார் வைக்கலாமா?

புது நிலத்தை ஒட்டிய ஓடை மார்கழியில் நல்ல தண்ணீராக ஓடியது, சித்திரையில் கரிக்கிறது, மோட்டார் போட்டுத் தென்னைக்குப் பாய்ச்சலாமா, குறுக்கே தடுப்பு கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம்.

மார்கழியில் நீங்கள் பார்த்தது மேலேயுள்ள கண்மாய்கள் நிறைந்து மறுகால் பாய்ந்த தண்ணீர். மழை நின்றால் வரத்து கிடையாது, முகத்துவாரம் வழியே கடல்தான் ஏறும். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது; ஆனால் நம் நிலம் தாம்பாளம் மாதிரித் தட்டை, கொஞ்சம் ஏறினாலே வெகுதூரம் உள்ளே வந்துவிடும். வாயை மணல் அடைத்துவிட்டால் இன்னும் மோசம்: தேங்கியது வெயிலில் சுண்டி, கடலைவிட அதிகம் கரிக்கும்.

ஆடு மாட்டுக்கு என்றால் ஓடையை விட்டுத் தள்ளி, மணல்மேட்டில் ஊற்று தோண்டுங்கள். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். சிரட்டையால் மேலாக மொண்டு, மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மோட்டாரால் இழுத்தால் அடியிலுள்ள உப்பு ஏறிவிடும், அப்புறம் ஊற்று போச்சு.

தடுப்பு விஷயம்: ஓடை புறம்போக்கு. அலை ஏறும் ஓடை என்பதால் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் குறுக்கே வரலாம். மடவையும் இறால் குஞ்சும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்; வீச்சுவலைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயமும்.

தென்னைக்கு மேட்டுப் பகுதியில் பண்ணைக்குட்டை வெட்டி, ஷீட் விரித்து, ஐப்பசி மழையைப் பிடியுங்கள். கிணறு இருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, உப்பு அளவை இங்கே போடுங்கள்.