ஞாயிறுதோறும் நான் அனுப்பும் சுட்டிகள்: எதைச் சேர்க்கிறேன், எதைத் தள்ளுகிறேன்

தொழில்நுட்பம், நிரலாக்கம், அறிவியல் ஆகிய துறைகளில் நாள்தோறும் குவியும் செய்திகளுள் படிக்கத் தகுந்தவற்றை எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பது கேள்வி. மதுரையில் மென்பொருள் பணியில் இருக்கும் நான், உடன் பணிபுரிவோரும் அவர்களுடைய கல்லூரித் தம்பிகளும் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஞாயிறுதோறும் ஐந்தாறு கட்டுரைகளின் சுட்டிகளை (லிங்குகளை) அனுப்பி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நான் சறுக்கியதைச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை இறுதியில், அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் எல்கே-99 என்ற பொருளைத் தென்கொரிய ஆய்வாளர்கள் உருவாக்கிவிட்டதாகச் செய்தி பரவியபோது, அதற்கு ஆதாரம் பிற அறிஞர்கள் இன்னும் மதிப்பிடாத முன்வரைவுக் கட்டுரைகள் மட்டுமே என்பதைக் கவனிக்காமல், மின்கம்பிகளில் இனி இழப்பே இராது என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆகஸ்ட் பாதிக்குள், மாதிரியில் மாசாகக் கலந்திருந்த செம்பு சல்பைடு ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் நிலை மாறுவதுதான் மின்தடை சட்டென்று சரிந்ததுபோல் காட்டியது என்று பிற ஆய்வகங்கள் கண்டறிந்தன. "அண்ணே, எங்க தெரு டிரான்ஸ்பார்மரை எப்பக் கழட்டுறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். அன்று முதல், முன்வரைவுக் கட்டுரை எதுவானாலும் மூன்று வாரம் ஊறிய பிறகே என் தொகுப்பில் இடம் பெறும்.

கணினிப் பாதுகாப்புச் செய்திகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற, போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் நிரலாளர், கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று (அனுமதியின்றி உள்ளே நுழையும் இரகசிய வழி) ஒளிந்திருப்பதை ஒரு மின்னஞ்சலில் அறிவித்தார். தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு, ஏன் என்று துருவியதில் அது சிக்கியது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் அந்தக் கருவியின் திட்டத்தில் இரண்டாண்டுகளுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, அதன் பொறுப்பாளராகவும் ஆகி, சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் அந்த நிரலைப் புகுத்தியிருந்தார். அதை உயிர்ப்பிக்கும் வரிகளோ பதிவிறக்கத்துக்கு வைக்கும் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன, நிரலை எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்தை மட்டும் பார்த்திருந்தால் எவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் அது தப்பியிருக்கும். இதைப் பற்றி வந்த செய்திக் கட்டுரைகள் பல அரை நொடிக் கதையோடு நின்றுவிட்டதால், நான் அவருடைய மின்னஞ்சலையே அனுப்பினேன். நிரலாளர் ஒருவர் சந்தேகத்தை எப்படிப் படிப்படியாகப் பின்தொடர்கிறார் என்பது அதில்தான் தெரியும்.

புதிய கைபேசி அறிமுகம், நிறுவனங்களுக்குக் கிடைத்த முதலீடு, செயற்கை நுண்ணறிவால் வேலை போகும் என்ற ஆரூடம் ஆகியவற்றைத் தலைப்பைக் கண்டவுடன் தள்ளிவிடுகிறேன்.

உள்ளூர்ச் செய்திக்கும் மூலத்தைத் தேடும் வழக்கமே. மதுரைக்காரர்கள் உரிமையோடு தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கீழடி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. அதை "2600 ஆண்டுப் பழமை" என்ற தலைப்போடு கடப்பதைவிட, தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 அறிக்கையை அனுப்புவது மேல் என்று பட்டது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு அமெரிக்க ஆய்வகத்தில் கி.மு. 580 எனக் காலங்கணிக்கப்பட்டது என்ற விவரம் அதில் உண்டு. அந்தக் குழிகளைப் பலமுறை எட்டிப் பார்த்த நண்பர்களே, கரியிலிருந்து ஆண்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்கத் தொடங்கியதால், அடுத்த ஞாயிற்றுத் தொகுப்பு முழுவதும் அந்தக் கணக்குக்கு அடிப்படையான கார்பன்-14க்கே போய்விட்டது.