கடலோரப் பள்ளி வகுப்பறை அனுபவத்தைப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படைக்கலாமா?

கேள்வி: பாம்பன் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் 26 பேர். படகு கரை திரும்பும் நாட்களில் ஏழெட்டுப் பேர், சில சமயம் ஒன்பது பேர்கூட வரமாட்டார்கள். வலையில் நண்டு கழற்றுவார்கள். அம்மா கடல்பாசி எடுக்கப் போனால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் வந்து உட்காரும்போது பாடம் நகர்ந்திருக்கும். போன ஆண்டு ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு பக்கத் தாள் எழுதி வைத்தேன். மேலே அன்றைய பாடத்தின் சாரம், கீழே மூன்று கணக்கு. விடுபட்ட பிள்ளை வந்ததும் ஒரு துணை மாணவரோடு உட்கார்ந்து முதல் பத்து நிமிடம் அந்தத் தாளைப் போட்டுவிடும். பலன் தெரிகிறது. இப்போது ஒரு பல்கலைக்கழகம் கற்றல் கற்பித்தலில் வரும் மாற்றங்கள், புதுமைகள் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு அறிவித்து, 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம் கேட்டிருக்கிறது. என் முயற்சியில் ஸ்மார்ட் போர்டு, செயலி எதுவும் இல்லை. அனுப்பலாமா? எப்படி எழுதுவது? கட்டணம் கட்டிப் போவது வீண் செலவாகிவிடுமா?

பதில்: அனுப்புங்கள் டீச்சர். இப்படிப்பட்ட கருத்தரங்குகளுக்கு வரும் சுருக்கங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து மதிப்பிட்டு வருகிறேன். செயற்கை நுண்ணறிவு, மெய்நிகர் வகுப்பறை என்று பெரிதாகத் தொடங்குபவை நிறைய வரும். எந்த வகுப்பில், எத்தனை பிள்ளைகளிடம், என்ன நடந்தது என்று தேடினால் ஒரு வரி இருக்காது. உங்களிடம் ஒரு வகுப்பு இருக்கிறது, ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்காக ஓர் ஆண்டு முழுக்கச் செய்து பார்த்த ஒரு வேலை இருக்கிறது. மதிப்பீட்டாளருக்கு வேண்டியது இதுதான். ஸ்மார்ட் போர்டு இல்லாததற்காக எவரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

26 பேர் போதுமா என்ற தயக்கமும் உங்களுக்குள் இருக்கும். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் டெரெசினா கரஹெர், டேவிட் கரஹெர், அனாலூசியா ஷ்லீமன் ஆகியோர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். அவர்கள் எடுத்துக்கொண்டது தெருவிலும் சந்தையிலும் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளை. வயது 9 முதல் 15 வரை. முதலில் வாங்க வந்தவர்களைப் போல நின்று விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குரூசேரோ என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு? ஒரு பிள்ளை மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கூட்டிக்கொண்டே போய் 350 என்று சரியாக முடித்தது. பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்ற பள்ளிக்கூட வழியை அது தொடவே இல்லை. வியாபாரத்தின் நடுவே கேட்டவற்றில் 98 சதவீதம் சரியான விடை. அதே வகைக் கணக்குகளைப் பின்னர் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானது 37 சதவீதம்தான். ஐந்தே பிள்ளைகளை வைத்துச் செய்த இந்த ஆய்வைக் கணிதக் கல்வி படிப்பவர்கள் இன்றுவரை எடுத்துப் பேசுகிறார்கள்.

இது உங்கள் ஊருக்கு நெருக்கமான விஷயம். ஏலத்தில் போன நண்டுக்குக் கமிஷன் போக எவ்வளவு கைக்கு வரும் என்று நின்ற இடத்தில் சொல்லும் பிள்ளை, எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதத்தில் சதவீதக் கணக்கு வந்ததும் திகைத்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் தாளில் இருக்கும் மூன்று கணக்கில் ஒன்றாவது கரையிலிருந்து எடுத்ததா? ஆம் என்றால் சுருக்கத்தில் அதற்குக் கட்டாயம் ஒரு வரி ஒதுக்குங்கள். இல்லை என்றால் இந்த ஆண்டுத் தாள்களில் சேர்த்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் நாம் சொல்லும் முடிவும் அடக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 26 பேரை வைத்துக் 'கடலோர மாணவர்களின் கணிதத் திறன் உயர்கிறது' என்று எழுதக் கூடாது. 'எங்கள் வகுப்பில் இன்னது நடந்தது, காரணம் இன்னதென்று கருதுகிறேன்' என்று எழுதலாம். ஆசிரியர் தன் வகுப்பிலேயே திட்டமிட்டு, செய்து, கவனித்து, திருத்தி மறுபடி செய்வதைச் செயல் ஆய்வு என்கிறோம். குர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. உங்கள் வேலை அதில் அப்படியே பொருந்தும். சுருக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள் 'செயல் ஆய்வு' என்று குறிப்பிட்டுவிடுங்கள். மதிப்பீட்டாளர் எந்த அளவுகோலை எடுக்க வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி, நீங்கள் எழுதிய 'பலன் தெரிகிறது' என்ற இரண்டு சொல். அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். அடிக்கடி விடுபடும் ஒன்பது பிள்ளைகள், தாளைத் தொடங்கும் முன் வைத்த முன்தேர்வில் 20க்கு எடுத்த மதிப்பெண்கள் 2, 3, 4, 6, 6, 7, 8, 9, 9 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 54, சராசரி 6. ஆண்டு முடிவில் பின்தேர்வு நடத்திய அன்று 2, 3, 4 எடுத்த மூவரும் வரவில்லை. வந்த ஆறு பேரும் பழைய மதிப்பெண்ணையே எடுக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு மதிப்பெண் ஏறவில்லை. ஆனாலும் சராசரி 45ஐ ஆறால் வகுக்க 7.5 ஆகிவிடுகிறது. யாரும் எதுவும் கற்காமலே ஒன்றரை மதிப்பெண் 'முன்னேற்றம்'! விடுபடும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில் இந்தக் குழி எப்போதும் இருக்கும், ஏனென்றால் தேர்வு நாளிலும் விடுபடுவது அதே பிள்ளைகள்தான். ஆகவே இரண்டு தேர்வையும் எழுதியவர்களின் மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். எழுதாதவர் எத்தனை பேர் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மூவரும் வரும் நாளில் தனியாக உட்காரவைத்துப் பின்தேர்வை எழுத வையுங்கள்.

எப்போதும் வரும் 17 பேரின் மதிப்பெண்ணும் தேவை. அவர்களும் ஓர் ஆண்டில் வளர்ந்திருப்பார்கள். விடுபடுவோர் 4 மதிப்பெண் ஏறி, மற்றவர்கள் 3 ஏறியிருந்தால், உங்கள் தாளின் பங்கு என்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு மதிப்பெண்தான். அந்த ஒன்றைச் சொல்லத் தயங்க வேண்டாம். மதிப்பீட்டாளர் நம்புவது அப்படிப்பட்ட எண்ணைத்தான்.

அடுத்து வருகை. தாள் வந்த பிறகு வருகையும் கூடியிருக்கிறது என்று எழுத ஆசை வரும். வகுப்பில் தொலைந்துபோகும் பயம் குறைந்தால் பிள்ளை வருவது இயல்புதான். ஆனால் உங்கள் கரையில் வருகைப் பதிவேட்டைக் கடலும் சேர்ந்தே எழுதுகிறது. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறைக்குள் போய்விடும். பள்ளி திறந்த ஜூன் முதல் வாரங்களில் மட்டும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளும் ஒழுங்காக வருவார்கள். பிறகு வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், நாட்டுப்படகுத் தொழில் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) மாறும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் இது தலைகீழ். எந்தத் தெருப் பிள்ளை எந்த மாதம் விடுபடும் என்பதே இதனால் மாறும். புயல் எச்சரிக்கையால் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாட்களில் வகுப்பு நிரம்பி இருக்கும். ஜூனையும் டிசம்பரையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தால் உங்கள் ஊர்க்காரர் எவரும் அதை ஏற்கமாட்டார்.

அதனால் போன ஆண்டு டிசம்பரோடு அதற்கு முந்தைய ஆண்டின் டிசம்பரை ஒப்பிடுங்கள். பதிவேட்டின் நகலில் படகு கரை திரும்பிய நாட்களை ஒரு நிறத்திலும் படகு போகாத நாட்களை வேறு நிறத்திலும் குறியுங்கள். எந்தெந்த நாள் என்று மீனவர் சங்கத்திலோ பெற்றோரிடமோ கேட்டாலே கிடைத்துவிடும். காற்றும் படகும் ஒரு வகுப்பின் வருகையை எப்படி அசைக்கின்றன என்று காட்டும் அந்த ஒரு பக்க அட்டவணை, என் கணிப்பில், உங்கள் கட்டுரையிலேயே சிறந்த பகுதியாக அமையும். வேறு மாவட்டத்து ஆசிரியரால் அதை எழுத முடியாது.

சுருக்கத்துக்கு வருவோம். '21ஆம் நூற்றாண்டில் கல்வி பெரும் மாற்றங்களைக் கண்டுவருகிறது' என்று தொடங்காதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது 250 சொல். உலகப் பொதுவான முன்னுரைக்கு அதில் அறுபது எழுபது போனால் உங்கள் வகுப்புக்கு இடம் இருக்காது. இப்படித் தொடங்கலாம்:

'இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர் 26 பேரில் 7 முதல் 9 பேர் வரை, படகு கரை திரும்பும் நாட்களில் வகுப்புக்கு வருவதில்லை. விடுபட்ட கணிதப் பாடத்தை மறுநாளே ஈடுசெய்ய, ஒரு பக்கத் தாளும் துணை மாணவர் ஒருவரும் கொண்ட பத்து நிமிட ஏற்பாடு ஒரு கல்வியாண்டு முழுவதும் செயல் ஆய்வாக நடத்தப்பட்டது.'

சிக்கல், இடம், ஆள், முறை எல்லாம் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டன. அடுத்த இரண்டு வாக்கியம் எதை அளந்தீர்கள் என்பதற்கு. அதன்பின் கிடைத்த எண்கள். யாருக்குப் பயன்படவில்லை என்பதற்கும் ஒரு வாக்கியம் வையுங்கள்: நீண்ட நாள் தொடர்ந்து விடுபட்ட பிள்ளைக்கு ஒரு தாள் போதவில்லையா? துணை மாணவரே சலித்துக்கொண்டாரா? இப்படிப்பட்ட வரி உள்ள சுருக்கத்தை மதிப்பீட்டாளர்கள் ஒதுக்குவது அரிது. கருத்தரங்கில் உங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளின் அடையாளத்தில் மிகுந்த கவனம் வேண்டும். கரையில் நண்டு கழற்றும் படம் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒட்டிவிடாதீர்கள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது நிறையாத பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவது பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோதான் இருக்கலாம். அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும். முகம் தெரியும் ஒரு படம் அந்தக் குடும்பத்துக்கு வில்லங்கமாக முடியலாம். பள்ளியின் பெயர், ஊரின் பெயர், பிள்ளையின் பெயர் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். மாணவர் 1, மாணவர் 2 என்று போட்டால் போதும். மதிப்பெண்ணைப் பயன்படுத்தப் போவதைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு நீங்களே வாசித்துக் காட்ட வேண்டும்.

பணம் கட்டும் முன் சில விஷயங்களைப் பாருங்கள். அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்ததா, பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலும் இருக்கிறதா? நடத்தும் துறையின் பெயரும் ஒருங்கிணைப்பாளரின் அலுவலகத் தொலைபேசியும் உள்ளனவா? கூப்பிட்டுக் கேளுங்கள். கட்டணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறதா, ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கா? தனிநபர் எண் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். அனுப்பிய மறுநாளே 'தேர்வாகிவிட்டது, இன்று மாலைக்குள் கட்டணம் செலுத்தவும்' என்று வந்தால் யாரும் படிக்கவில்லை என்று பொருள். வராமலே சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். 'யுஜிசி அங்கீகாரம் பெற்ற இதழில் வெளியிடுகிறோம்' என்று ஆசை காட்டினாலும் நம்பாதீர்கள். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிவந்த தன் 'கேர்' இதழ்ப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஸ்காப்பஸ் என்னும் ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழ் என்று சொன்னால் அந்த இதழின் பெயரைக் கேட்டு, ஸ்காப்பஸ் தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம்.

பள்ளி ஆசிரியர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா, இணையவழியில் படைக்க இடம் உண்டா என்று ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல இடங்களில் கேட்பவர்களுக்குக் கிடைக்கிறது. ஏற்புக் கடிதம் வந்தபின் கட்டணம் கட்டினால் போதும். அந்தக் கடிதத்தை இணைத்துத் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்கு முன் அனுமதி கோரி விண்ணப்பியுங்கள்; நடுவில் விடுமுறை வந்தால் தாமதமாகும் என்பதால் ஏற்பு வந்த அன்றே எழுதுவது நல்லது. ஆய்வுப் பகுதியில் கை கொடுக்க மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் ஆட்கள் உண்டு. அங்குள்ள விரிவுரையாளர் ஒருவரிடம் உங்கள் முன்தேர்வு வினாத்தாளைக் காட்டி, இரண்டு தேர்வும் ஒரே கடினத்தில் உள்ளனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படைக்கும் அன்று பெரும்பாலும் பத்து நிமிடம்தான் தருவார்கள், அதிலும் இரண்டு நிமிடம் கேள்விக்குப் போய்விடும். நாற்பது ஸ்லைடு தயாரிக்க வேண்டாம். பிள்ளைகள் பென்சிலால் போட்டு, அழித்து, துணை மாணவர் டிக் அடித்த தாள் ஒன்றைப் பெயரை மறைத்துப் பெரிதாகத் திரையில் காட்டுங்கள். அதற்கடுத்து வருகை அட்டவணை. நிரப்பாத தாளில் இருபது முப்பது நகல் எடுத்துப்போய் அரங்கில் இருப்பவர்களிடம் கொடுங்கள். தொண்டியிலோ கீழக்கரையிலோ நாகப்பட்டினத்திலோ இதே சிக்கலோடு இருக்கும் ஓர் ஆசிரியர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவர் அடுத்த வாரமே தன் வகுப்பில் போட்டுப் பார்க்க அந்த ஒரு பக்கம் போதும்.