விஞ்ஞானிகளுக்கே உறுதியில்லையாமே?

கேள்வி: "காலநிலை மாற்றத்தைப் பற்றி விஞ்ஞானிகளே உறுதியாகச் சொல்லவில்லை" என்கிறார் படித்த உறவினர் ஒருவர். என் மகனுக்கோ பள்ளியில், வீட்டின் கார்பன் தடத்தைக் (நம் வாழ்க்கை முறையால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் அளவை) கணக்கிட்டு வரும்படி வீட்டுப்பாடம். இவற்றில் எது தகவல், எது பிரசாரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டிலும் உண்மை கொஞ்சம் கலந்திருக்கிறது. அதனால்தான் எடுபடுகின்றன.

உறவினரின் வாதம் தானாக முளைத்ததல்ல. 1998-ல் எண்ணெய் நிறுவனங்களின் அமைப்பான அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கம் கூட்டிய குழு ஒரு செயல்திட்டம் எழுதியது. காலநிலை அறிவியலில் உள்ள நிச்சயமின்மையைச் சாதாரண மக்கள் உணரும்போது நமக்கு வெற்றி என்றது அது. 2002 வாக்கில் பிரசார ஆலோசகர் பிராங்க் லண்ட்ஸ், அறிவியல் இன்னும் முடிவாகவில்லை என்பதையே முன்னால் வையுங்கள் என்று அமெரிக்கக் குடியரசுக் கட்சியினருக்கு எழுதிக் கொடுத்தார். 'புவி வெப்பமடைதல்' பயமுறுத்துகிறது, 'காலநிலை மாற்றம்' அவ்வளவாகப் பயமுறுத்தாது என்பதும் அவர் யோசனைதான். 2019-ல் செனட்டர்கள் முன்னிலையில் தான் சொன்னது தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். வாதம்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

விஞ்ஞானிகள் தயங்கிப் பேசுவது உண்மையே. ஆனால் அந்தத் தயக்கத்துக்கும் அளவு உண்டு. காலநிலை அறிவியலை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் அறிக்கையில் 'வாய்ப்பு அதிகம்' என்றால் குறைந்தது 66 சதவீதம். 'வாய்ப்பு மிக அதிகம்' என்றால் குறைந்தது 90 சதவீதம். இனி எவ்வளவு சூடாகும், எந்தப் பகுதியில் மழை எப்படி மாறும் என்பது போன்றவற்றில்தான் இந்தக் கணக்கெல்லாம். மனிதர்களால்தான் பூமி சூடாகியிருக்கிறது என்பதை, ஐயத்துக்கு இடமில்லை என்றே 2021 அறிக்கை சொல்லிவிட்டது. எனவே உறவினரிடம் சண்டை வேண்டாம். "எதில் உறுதியில்லை என்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

சரி, கார்பன் தடம். இந்தக் கருத்தே விஞ்ஞான ஆய்வாளர்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் 2000-களில் அதை வீடுவீடாகக் கொண்டுபோனதில் பெரும்பங்கு பிபி எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்கு உண்டு. கணக்கில் தப்பில்லை. 'உங்கள் தடம் எவ்வளவு?' என்று நம்மைக் கேட்டதும், எண்ணெய் எடுப்பவரின் தடம் பேச்சிலிருந்து நழுவிவிடுகிறது.

எந்த வாக்கியத்தைக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இதை எல்லோரும் நம்பிவிட்டால், யார் எதுவும் செய்யாமல் இருந்துவிடலாம்? 'நெருக்கடி', 'அவசரநிலை' என்று எழுதுபவர்களிடமும் இதைக் கேட்கலாம். இனி எல்லாம் முடிந்தது என்ற பேச்சும் கையைக் கட்டிப்போடும்.

மகன் கணக்கைப் போடட்டும். கூடவே இன்னொரு பட்டியலும் எழுதச் சொல்லுங்கள்: நிலக்கரி மின்சாரம், தெருவுக்கு வராத பேருந்து என்று நம் வீட்டால் மாற்ற முடியாதவை, அவற்றை முடிவு செய்பவர்கள். கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.