ரேஷன் அரிசியும் முழுப்பயறும்: மளிகைச் செலவைக் கட்டுப்படுத்த ஒரு வழி

கேள்வி: உசிலம்பட்டிக்கு அருகில் வசிக்கிறோம்; வீட்டில் ஐந்து பேர். ரேஷன் புழுங்கலரிசியைத்தான் பொங்குகிறோம். ஆனால் ரேஷன் பருப்பு பத்து நாளைக்குக்கூட வருவதில்லை; மீதியைக் கடையில் வாங்குவதால் செலவு கட்டுப்படவில்லை. கம்பு கொடுத்தால் கசக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். சத்தும் குறையாமல் சிக்கனமாகச் சமைப்பது எப்படி?

பதில்: உங்கள் செலவை ஏற்றுவது அரிசியல்ல, துவரம்பருப்பை மட்டுமே நம்பியிருப்பதுதான். ஐந்து பேருக்கு 100 கிராம் பருப்பில் சாம்பார் வைத்தால், ஒருவருக்குக் கிடைக்கும் புரதம் நான்கைந்து கிராம்தான். அதே வீட்டில் ஆளுக்கு 40 கிராம் முழுப்பயறு சுண்டலாகவோ குழம்பாகவோ இலையில் விழுந்தால் அது ஏறக்குறைய இரு மடங்காகும். எனவே வாரத்தில் நான்கு நாள் சாம்பாரை நிறுத்திவிட்டு, உங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு ஆகியவற்றுக்கு மாறும்படி பரிந்துரைக்கிறேன்.

முதலில் கொள்ளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் விலை குறைந்த பயறு அதுதான். கால் கிலோ கொள்ளைக் கல் அரித்துக் கழுவி இரவே ஊறவைத்து, காலையில் ஆறு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் வேகவையுங்கள். ஒரு மணியை விரலிடையில் நசுக்கினால் தோலோடு மசிய வேண்டும். நடுவில் நறுக்கென்றிருந்தால் இன்னும் இரண்டு விசில் விடலாம். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்தால் அன்றைய ரசம் ஆயிற்று. வெந்த கொள்ளில் பாதி சுண்டல். மீதியை வரமிளகாய், பூண்டு, சிறிது தேங்காயுடன் அரைத்தால் இரவு இட்லிக்குத் துவையல். ஒருமுறை எரித்த அடுப்பில் மூன்று பண்டங்கள் கிடைப்பதால் கேஸும் மிச்சமாகிறது.

பயறு வேகவில்லை என்று பலர் சோடா உப்பு போடுகிறார்கள்; அது பயறிலுள்ள தயமின் என்ற வைட்டமினை அழிப்பதால் வேண்டாம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் பெரும்பாலும் பயறை விறைப்பாக்குகிறது என்பதால், ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரையே பயன்படுத்துங்கள். புளியை, பயறு நன்றாக வெந்த பிறகே ஊற்றுங்கள்.

அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. ஆகையால், இரண்டு டம்ளர் ரேஷன் அரிசியுடன் ஒரு டம்ளர் கலவைப் பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்துச் சுடும் அடை, வளரும் பிள்ளைகளுக்கு மிக நல்ல உணவு. அந்தக் கலவையில் ஒரு பங்கு தட்டைப்பயறாக இருக்கலாம்.

கம்பு கசப்பதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கம்பில் எண்ணெய்ப்பசை அதிகம். மாவாக்கி வைத்தால் சில நாட்களிலேயே சிக்கு வாடையும் கசப்பும் ஏறிவிடும். மாவாக வாங்குவதை நிறுத்திவிட்டு, முழுக் கம்பை ஊறவைத்து உளுந்தோடு சேர்த்து அரைத்துத் தோசை வார்த்துக் கொடுங்கள். அதையும் மறுத்தால், பேரையூர்ப் பக்கம் விளையும் குதிரைவாலியை அரிசியைப் போலவே பொங்கலாம். அதற்குக் கசப்பே கிடையாது.

தை, மாசியில் புதுப்பயறு வரும்போது பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்கினால் விலை குறையும். ஆனால் பயறு வண்டு முழுப்பயறின் மேல் முட்டையிட்டு உள்ளே துளைத்து வளர்வது. வாங்கியதும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பின், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி மூடிய டப்பாவில் வையுங்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாக வராது என்பதால், அதற்கு வெயிலில் காயவைப்பது மட்டும் போதும்.