தை மாதத்து ஊட்டி: ரயில், பஸ், குறைந்த செலவு (கேள்வி பதில்)

சொந்த ஊர் குன்னூர், வேலை கோவையில். வாரா வாரம் மலை ஏறி இறங்குகிறவன் என்பதால் குளிர்காலத்தில் கார் இல்லாமல் ஊட்டி போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு ஒரேயடியாக இங்கே பதில்.

அண்ணா, நாங்க நாலு பேர், சென்னை. கிறிஸ்துமஸ் லீவுல ஊட்டி பிளான். மேட்டுப்பாளையம் போற நீலகிரி எக்ஸ்பிரஸ் இப்பவே வெயிட்டிங் லிஸ்ட். என்ன பண்றது?

தேதியை மாற்றுங்கள் தம்பி. டிசம்பர் கடைசி வாரத்தில் லாட்ஜ்காரர் சொன்னதுதான் விலை. வடகிழக்குப் பருவமழை நீண்டுவிட்டால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரியும், மலை ரயிலையே நிறுத்திவிடுவார்கள். பொங்கல் கூட்டம் இறங்கியபிறகு, செவ்வாய் முதல் வியாழன் வரை வாருங்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், அறை வாடகையும் பேசிக் குறைக்கிற அளவுக்கு வந்திருக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. ஸ்லீப்பரே போதும். நீலகிரி கிடைக்காவிட்டால் சேரன் எக்ஸ்பிரஸில் கோவை வந்து, மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் ஊட்டி பஸ் பிடியுங்கள்.

ஊட்டியில் பனி விழுமா சார்? காஷ்மீர் மாதிரி அள்ளி விளையாடலாமா? பையன் கேட்கிறான்.

விழாது. நம் மொழியில் எல்லாமே பனிதான், அதனால் வரும் குழப்பம் இது. ஊட்டியில் இருப்பது உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். அங்கே புல்லின்மேல் ஈரம் அப்படியே வெள்ளையாக உறைகிறது. ஆகவே 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா உச்சிக்கு ஓடாதீர்கள். தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில்தான் அது கொட்டிக்கிடக்கும். "தைப் பனி தரையைத் துளைக்கும்" என்று சும்மா சொல்லவில்லை.

கூடலூர் பக்கம் போகும் பஸ்ஸில் தலைக்குந்தா ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முந்தின நாள் மாலையே பஸ் ஸ்டாண்டில் கேட்டு வையுங்கள். போன தை மாதம் அங்கே நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் சீட்டை நகத்தால் சுரண்டினேன். உப்புத்தூள் மாதிரி சுருண்டு வந்தது, விரல் நுனியில் வைத்ததும் நீராகிவிட்டது. பக்கத்தில் கேரட் தோட்டம் முழுக்க யாரோ கோலமாவு கொட்டியது போல. வெயில் பட்ட இடத்தில் மட்டும் பச்சை கோடு கோடாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. எட்டரைக்குப் போனவர்கள் ஈரப் புல்லைத்தான் படம் எடுத்தார்கள். இதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. பையனை எழுப்புவது உங்கள் பாடு.

பொம்மை ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஊட்டி போவது கல்யாண வீட்டில் சாப்பிடாமல் வருவது மாதிரி இல்லையா?

சரி, சாப்பிட வழி சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7:10-க்குக் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறுகிறது, எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். அதற்குத்தான் அடிதடி. நீங்கள் பஸ்ஸில் குன்னூர் வந்துவிடுங்கள். குன்னூர்–ஊட்டி இடையே ஒரு நாளைக்குச் சில வண்டிகள் தனியாக ஓடுகின்றன, அன்றன்றைக்குக் கவுன்டரிலேயே டிக்கெட் வாங்கலாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் அந்த 19 கிலோமீட்டரில் வந்துவிடும். பல்சக்கரம் கிடைக்காது, டீசல் எஞ்சின்தான். ஆனால் கேத்திப் பள்ளத்தாக்கு கிடைக்கும். என் கணக்கில் அதுவே லாபம்.

அம்மாவுக்கு 68 வயது. மலை பஸ்ஸில் வாந்தி வரும். என்ன செய்யலாம் அண்ணா?

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ரயிலை விட்டு இறங்கியதும் காலி வயிற்றோடும் ஏற்றாதீர்கள், பூரி மசாலா கொடுத்தும் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். பின் சக்கரத்துக்கு மேலிருக்கும் சீட்டு வேண்டாம், முன்பக்க ஜன்னல் சீட்டு கிடைக்கும் பஸ்ஸுக்காக ஒன்றை விட்டாலும் பரவாயில்லை, அடுத்தடுத்து வரும். போனைப் பார்க்க விடாதீர்கள். மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு, புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். அப்படியும் கஷ்டமென்றால் குன்னூரில் இறங்கி சிம்ஸ் பார்க்கில் உட்காருங்கள். ஊட்டி எங்கும் ஓடிவிடாது.

இ-பாஸ் எடுக்கணுமா?

அது நீலகிரிக்குள் வண்டி கொண்டுவர ஆன்லைனில் எடுக்கும் அனுமதி. சொந்த வண்டி, வாடகை வண்டிக்குத்தான். அரசு பஸ்ஸில் வருகிறவருக்குத் தேவையில்லை.

ரூம் எடுக்கும்போது என்ன பார்க்கணும்?

வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். "24 மணி நேரமும் வெந்நீர்" என்ற ஒரு லாட்ஜில் உறவினர்களைத் தங்க வைத்தேன். காலை ஏழுக்குக் குழாயைத் திறந்தால் வந்தது பச்சைத் தண்ணீர். கேட்டால், "சோலார் சார், வெயில் வரட்டும்" என்றார்கள். கூடுதல் கம்பளிக்குக் காசு உண்டா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

குளிர் தாங்கவில்லை என்று யாராவது கரி அடுப்போ பார்பிக்யூ அடுப்போ அறைக்குள் கொண்டுவந்தால் உடனே வெளியே எடுத்து வையுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலையில் இப்படிச் செத்தவர்கள் உண்டு.

சென்னையிலேயே ஸ்வெட்டர் வாங்கிடலாமா அக்கா?

அக்கா இல்லை, அண்ணன். உள்ளே போடும் தெர்மலும் இரண்டு ஜோடி சாக்ஸும் மட்டும் அங்கே வாங்குங்கள். ஸ்வெட்டர், குல்லாவெல்லாம் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி வாங்கலாம். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று அவசியம், மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

திரும்பும்போது எப்போது இறங்கணும்?

நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பதுக்கு மேல்தான். ஆனாலும் ஊட்டியில் மூன்று மணிக்குப் பஸ் ஏறிவிடுங்கள். போன வழியே வராமல் கோத்தகிரி வழியாக இறங்குங்கள், நெரிசல் குறைவு. கோத்தகிரியில் அரை மணி நேரம் நின்று ஒரு டீ, இரண்டு வர்க்கி (மொறுமொறுவென்று அடுக்கடுக்காக இருக்கும் நீலகிரி பிஸ்கட்). வர்க்கியை டீயில் முக்கி உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் பாதி கிளாஸிலேயே கரைந்துவிடும். வீட்டுக்கு வாங்கும் பொட்டலத்தைப் பையின் அடியில் வைக்காதீர்கள், சென்னை வரும்போது தூளாகியிருக்கும்.